ஆறு சனிக்கிழமை, 3,000 ரூபா: மதங்கள் பற்றிய வகுப்புக்குப் போய் வந்தேன்

கல்முனைப் பக்கம் ஒரு டியூசன் கொட்டிலில் சனிக்கிழமைகளில் நடக்கும் மெய்யியல் வகுப்பைப் பற்றிச் சொல்லச் சொல்லிப் பல பேர் கேட்டிருந்தீர்கள். போகலாமா, காசுக்குப் பெறுமதியா, போனால் இருக்கிற பக்தியும் போய்விடுமா என்று. மூன்றாவதைக் கேட்டவர்கள்தான் கூட. நான் ஆறு வகுப்புக்கும் போனேன், ஒன்றையும் தவறவிடவில்லை, ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விபரம். நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், உயர்தர மாணவர்களுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பித்தவர். ஆறு வகுப்புக்கும் சேர்த்து 3,000 ரூபா, போட்டோ கொப்பி நோட்ஸ் அதற்குள் அடக்கம். பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி 5.30க்கு முடியும், நடுவில் அஸர் தொழுகைக்கு இடைவேளை, அந்த நேரம் மற்றவர்களுக்குப் பிளேன்டீ. நாங்கள் 14 பேர். ஆறு கிழமையும் கேள்வி ஒன்றேதான்: இத்தனை மதங்கள் ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டு நிற்கும்போது, என்னுடையதுதான் சரி என்று நான் நம்புவதில் நியாயம் இருக்கிறதா?

நான் போனது என் தம்பியால். காரைதீவில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், 7 வருடத்துக்கு முதல் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டான். போன வருடம் அப்பாவின் திவசத்துக்கு வந்தவன் படலையடியிலேயே நின்றுகொண்டான். அம்மா வாழையிலையில் சோறும் அப்பாவுக்குப் பிடித்த பூசணிக்காய்க் கறியும் போட்டுக் கொண்டுபோய் நீட்டினார். "படைக்காத சோறு இருந்தாத் தாங்கம்மா" என்று அவன் மெதுவாகக் கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லாமல் இலையை அப்படியே மடித்துக்கொண்டு உள்ளே போனார், குழம்பு விரலிடுக்கால் வழிந்து முற்றத்தில் சொட்டியது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தம்பி மேல் கோபம் இருந்தது, உண்மைதான், ஆனால் கோபத்துக்குக் கீழே வேறொன்று கிடந்து உறுத்தியது. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கையால் சாப்பிட்டு, என்னைவிட நன்றாகப் படித்த ஒருவன் நான் நம்புவதை அடியோடு மறுக்கிறான் என்றால், அவன் காணாத எதை நான் கண்டுவிட்டேன்?

முதல் வகுப்பில் சேர் வயலில் இருந்து தொடங்கினார். இரண்டு வட்டவிதானைமார், வயல் வேலைகளை மேற்பார்க்கிறவர்கள், இரண்டு பேருக்கும் 30 வருட அனுபவம், ஒரே வயல்வெளியில் நின்று ஒரே கதிரைக் கையிலெடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் பத்து நாளில் வெட்டலாம் என்கிறார், மற்றவர் பதினேழு நாள் வேண்டும் என்கிறார். நீங்கள் முதலாமவர் என்றால், மற்றவர் சொன்னதைக் கேட்ட பிறகும் பத்து நாள்தான் என்று அசையாமல் நிற்பது அனுபவமா, வீம்பா? இந்தக் காலத்து மெய்யியலில் இதற்குச் 'சம எடை' என்று ஒரு கட்சி இருக்கிறது, அடம் எல்கா 2007இல் எழுதிய கட்டுரையோடு பெரிதாகப் பேசப்பட்டது: அறிவிலும் ஆதாரத்திலும் எனக்குச் சமமான ஒருவர் மறுத்தால், அவர் கருத்துக்கும் என் கருத்துக்கும் ஒரே எடைதான் கொடுக்க வேண்டும், அப்படியென்றால் என் உறுதி இறங்கத்தான் வேண்டும். தோமஸ் கெலி என்பவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஆதாரம் உண்மையில் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுவும் தராசில் ஏற வேண்டும், சரியாகப் பார்த்தவர் பிழையாகப் பார்த்தவருக்காகப் பாதி வழி இறங்கிவரத் தேவையில்லை என்பது அவர் வாதம். இந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் பஞ்சாங்கத்தை இழுத்தார். திருக்கணிதம் சனிப்பெயர்ச்சியை 2025 மார்ச் 29 என்றது, வாக்கியம் அதை 2026இல்தான் வைத்தது, அதற்காக யாராவது கோயிலுக்குப் போகாமல் விட்டார்களா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சனி எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கருவி இருக்கிறது, வானம் இருக்கிறது. சாமி விசயத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற வானம் ஒன்று இல்லையே. சேரும் அதைத்தான் சொன்னார், ஐயா அதன்பிறகு அந்தக் கிழமை முழுக்கப் பேசவில்லை.

இரண்டாவது வகுப்பு பிறப்பைப் பற்றியது. காரைதீவில் பிறந்தேன், சைவம். மாளிகைக்காட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரம், முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் பிறந்திருந்தால்? சைக்கிளில் சில நிமிடம். இதை 1859இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் எழுதியிருக்கிறார்: ஒருவனை இலண்டனில் திருச்சபைக்காரன் ஆக்கிய அதே காரணங்கள்தான் பீக்கிங்கில் அவனைப் பௌத்தனாகவோ கன்பியூசியஸின் வழிக்காரனாகவோ ஆக்கியிருக்கும் என்று. அதற்கு 700 வருடத்துக்கும் மேலாக முதலே இமாம் கஸ்ஸாலி (அவர் மறைந்தது 1111இல்) கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும் யூதப் பிள்ளைகள் யூதர்களாகவும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவுமே வளர்வதைக் கண்டு, அது தன்னைக் குலுக்கியதாக எழுதிவைத்திருக்கிறார் என்று சேர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த மௌலவி ஒருவர் தலையை ஆட்டினார், அவருக்கு அது தெரிந்திருந்தது. கஸ்ஸாலி அதற்காக மார்க்கத்தை விடவில்லை. கேட்டதை அப்படியே பிடித்திருக்கும் தக்லீதைத்தான் விட்டார், எனக்கு நிச்சயமாய்த் தெரிந்தது எது என்று தேடப் புறப்பட்டார். மறுபக்கத்தில் அல்வின் பிளான்டிங்கா என்ற அமெரிக்கரின் பதிலும் வந்தது: "எல்லா மதமும் சமம்" என்று சொல்பவரும் வேறு காலத்தில் வேறு இடத்தில் பிறந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார், ஆகவே பிறப்பை வைத்து ஒரு கருத்தைத் தள்ளலாம் என்றால் அவருடையதையும் தள்ள வேண்டிவரும். வாதம் கெட்டிக்காரத்தனமானது, மறுக்க முடியவில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. என் தம்பி வேறு ஊரில் பிறக்கவில்லை, அதே அறையில் பிறந்தவன். பிறப்பு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால் அவனும் இன்றைக்கு விபூதி பூசிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? ஊர் கொடுத்தது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது, ஆனால் என் உறுதியில் எவ்வளவு ஊர் கொடுத்தது, எவ்வளவு நானாகக் கண்டது என்று பிரித்துப் பார்க்காமலே 38 வயது வரை இருந்துவிட்டேன். இரண்டாம் கிழமை வீட்டுக்கு அதோடுதான் போனேன்.

இனி மூன்றாவது, நான்காவது வகுப்புகள். 3,000 ரூபாவும் இவற்றுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர் திருவுளச்சீட்டுப் போட்டார். யாருக்கு எந்தச் சமயம் விழுகிறதோ, அதை அந்தச் சமயத்தவர் ஒருவரின் முன்னால் எடுத்துச் சொல்ல வேண்டும், அவர் "ஓம், அதுதான்" என்று சொல்லும்வரை விடமாட்டார். மறுப்பெல்லாம் அதற்குப் பிறகு. இது நமக்குப் புதிது இல்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் (பிற மதங்களைப் பற்றிய பகுதி) உலகாயதர், பௌத்தர், சமணர் என்று 14 கட்சிகளை எடுத்துக்கொண்டு, முதலில் அவர்கள் மதம் இது என்று சொல்லிவிட்டுத்தான் மறுதலைக்கு வருகிறார். அந்தப் 14 பேரும் எழுந்து வந்தால் "ஓம், அதுதான்" என்பார்களா என்பது வேறு கதை. சேரின் நிபந்தனை அதைவிடக் கடினம், மறுக்கப்படுகிறவர் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இஸ்லாம் விழுந்தது, எதிரே மருதமுனைப் பொடியன் ஒருவன், வீட்டில் தறி வைத்திருக்கும் குடும்பம். முதல் தடவை நான், "உருவ வழிபாட்டை வெறுக்கிற மார்க்கம்" என்று தொடங்கினேன், அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். இரண்டாம் தடவை நோட்ஸைப் பார்த்து "இறைவன் ஒருவன் என்பது" என்று படித்தேன், "அது நீங்களும் சொல்றதுதானே அக்கா" என்றான். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்து, "வெறுப்பு இல்லக்கா. அளக்க ஏலாத ஒண்டுக்கு நாம அளவு வைக்க மனசு வரல்ல" என்றான். தறிக்காரப் பிள்ளையின் வாயிலிருந்து அளவு என்ற சொல் வந்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. மூன்றாம் தடவை நான் அதையே விரித்துச் சொல்ல, ஓம் என்றான். மறுகா அவன் முறை. "சிலைதான் கடவுள் எண்டு நம்புறாக்கள்" என்றான், நான் தலையாட்டவில்லை. கோயில் திருப்பணி என்றால் முதலில் பாலஸ்தாபனம் செய்து மூர்த்தியின் சக்தியை வேறிடத்துக்கு மாற்றுகிறோம், அதன்பிறகு தச்சர் அந்தக் கல்லருகே போய் வேலை செய்கிறார், கும்பாபிஷேகத்தில் திரும்பவும் அழைக்கிறோம், கல்லும் அம்மனும் ஒன்றென்றால் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊரில் 24 வருடம் இருந்திருக்கிறான், இதை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

எனக்குப் பெரிய உதவி செய்தவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த வயதான ஒருவர். தம்பியின் படையல் விசயத்தை அவரிடம் கேட்டேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே உணவில் ஒன்றுமில்லை, ஆனாலும் மனச்சாட்சி பலவீனமான ஒருவருக்கு இடறலாக இருந்தால் சாப்பிடாமல் இருப்பது நல்லது என்கிற மாதிரி அங்கே போகிறது. "எங்கட ஆக்களுக்குள்ளயே சிலர் சாப்பிடுவாங்க, சிலர் தொடமாட்டாங்க மகள்" என்றார். ஏழு வருடமாக நான் தம்பியோடு சண்டை பிடித்தது அவன் நம்பிக்கையோடு இல்லை, அவன் நம்பிக்கை என்று நானாகக் கட்டிவைத்த ஒன்றோடு. இதற்குப் பிறகுதான் சம எடைக் கணக்கில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரிந்தது. வட்டவிதானைமார் இருவரும் ஒரே கதிரைப் பார்த்தார்கள். நாங்கள் 14 பேரும் ஆளுக்கொரு வயலில் நின்றுகொண்டு, மற்றவர் வயலை எட்டிக்கூடப் பார்க்காமல், விளைச்சலைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம்.

அற்புதங்களைப் பற்றியும் நான்காம் வகுப்பிலேயே வந்தது. டேவிட் ஹியூம் என்ற ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் 1748இல் எழுதியது: ஒவ்வொரு மதத்தின் அற்புதமும் மற்ற மதத்தின் அற்புதத்துக்கு எதிர்ச்சாட்சி, ஆகவே ஒன்றை ஒன்று வெட்டிவிடும். எனக்கு இது பிடிபடவில்லை. சின்ன வயதில் எனக்கு அம்மை இறங்கியது அம்மன் அருளால் என்று அம்மா சொல்வார், தம்பி தன் இழுப்பு நோய் ஜெபத்தில் குறைந்தது என்கிறான். ஏன் இரண்டும் நடந்திருக்கக் கூடாது? யார் செய்தது என்பதில்தான் எங்களுக்குள் பிணக்கு. வகுப்பில் இதைச் சொன்னேன், சேர் மறுத்தார், நான் இன்னும் என் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

ஐந்தாவது வகுப்பு சரியில்லை. ஜோன் ஹிக் என்ற ஆங்கிலேய மெய்யியலாளரின் கருத்து, எல்லா மதங்களும் ஒரே மெய்ப்பொருளை அவரவர் கண்ணாடி வழியே பார்க்கின்றன என்பது, அதற்குக் குருடரும் யானையும் கதையை வைத்தார். கதை பாலி மொழிப் பௌத்த நூலான உதானத்தில் இருக்கிறது, சாவத்தி அரசன் பிறவிக்குருடரைக் கூட்டி யானையைத் தடவவைக்கிறான். அம்பாறை நகரில் இருந்து வந்த பௌத்த அக்கா ஒருவர், நன்றாகத் தமிழ் கதைப்பார், அந்தக் கதை எல்லாரும் சரி என்று சொல்ல வந்ததல்ல, சண்டை பிடிப்பவர்களைக் காட்ட வந்தது என்றார். அதோடு கதையில் யானையை முழுதாகப் பார்க்கிற அரசன் ஒருவன் இருக்கிறானே, அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்றும் கேட்டார். சேரிடம் நல்ல பதில் இல்லை. பௌத்தத்தைப் பற்றி அவர் தந்த நோட்ஸும் ஒன்றரைப் பக்கம்தான். படைத்தவன் ஒருவன் என்பதை ஏற்காத ஒரு சமயத்தை இந்தக் கேள்விக்குள் எப்படி வைப்பது என்று ஒரு முழு வகுப்பு எடுத்திருக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு அடுத்தபடியாகப் பௌத்தர்தான், ஏறக்குறைய 39 சதவீதம். மாவட்டத்தில் பத்தில் நாலு பேருக்கு ஒன்றரைப் பக்கம் போதாது.

"எல்லாம் ஒன்றுதான்" என்பதை நானும் வருடக்கணக்காகத் தம்பியிடம் சொல்லி வந்தவள். அவன் ஒருமுறை, "நீங்க அப்படிச் சொல்லக்குள்ள என்னைக் கேக்காம விட்ட மாதிரி இருக்கு அக்கா" என்றான். அப்போது அது திமிர் என்று நினைத்தேன்.

ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. முதல் நாள் முஸ்லிம்கள் ஒரு பக்கமும் சபைக்காரர் ஒரு பக்கமும், நடுவில் நாங்களுமாக உட்கார்ந்தோம், யாரும் சொல்லி உட்காரவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் செத்தார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3இல் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். இந்தக் கரையில் மதங்களுக்குள் மாறுபாடு என்று ஒருவர் வாயைத் திறந்தால் இதெல்லாம் சேர்ந்துதான் எழும்பும். சேர் இதை மூடி மறைக்கவில்லை, முதல் நாளே பெயர் சொல்லிச் சொன்னார், கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்தோம். ஆறாம் கிழமை கதிரைகள் கலந்திருந்தன. அதற்காக மட்டுமே அவரை எனக்குப் பிடிக்கும்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன், பக்தி போகுமா? கடைசி வகுப்பில் சேர், நேர்மையாய் இருக்க வேண்டுமென்றால் நம் உறுதி பாதிக்கு இறங்க வேண்டும் என்றுதான் முடித்தார். அந்தச் சம எடை விதியையே பல மெய்யியலாளர் மறுக்கிறார்களே, அவர்களுக்கும் சம எடை கொடுத்தால் விதியே பாதியாகிவிடாதா என்று மௌலவி கேட்டார், அது நல்ல அடி, எல்காவே அதற்குப் பதில் தேடி எழுதியிருப்பதாகச் சேர் சொன்னார். நான் நினைப்பது வேறு. தமிழில் நம்பிக்கை என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். மழை வரும் என்று நம்புகிறேன். அம்மாவை நம்பி இருக்கிறேன். முதலாவது கணிப்பு, நல்லாத் தெரிந்த ஒருவர் இல்லை என்றால் இறங்கத்தான் வேண்டும், எனக்கு இறங்கியிருக்கிறது. செத்த பிறகு என்ன, யாருக்கு வீடுபேறு யாருக்கு இல்லை, நாம் படைப்பது அப்பாவுக்குப் போய்ச் சேருகிறதா, இதிலெல்லாம் முதல் இருந்த உறுதி இப்போது இல்லை. கடைசியில் சொன்னது எனக்கு வலிக்கிறது, அதையும் மறைக்கவில்லை. இரண்டாவது அப்படியில்லை. அம்மனை நம்பித்தான் நான் இத்தனை வருடமும் இருந்தேன், அது ஒருவர் மறுத்ததும் பாதியாகிற கணக்கில் வரவில்லை. இரண்டையும் முழுதாகப் பிரிக்க ஏலாது என்று சேர் சொன்னார், அம்மா என்று ஒருவரே இல்லை என்றால் யாரை நம்பி இருப்பாய் என்று கேட்டார். உண்மை, அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், முன்னைவிடக் கவனமாகத்தான் கும்பிடுகிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை, ஒரே ஒரு காற்றாடி, 4 மணி வரை வேர்த்துக் கொட்டும், பின்வரிசையில் உட்காராதீர்கள். நோட்ஸ் எழுத்து மிகச் சிறியது, கொப்பியின் கொப்பி, ஓரங்கள் கறுப்பு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். சேர் சில நேரம் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவார், கையை உயர்த்தி நிறுத்துங்கள், கோபிக்க மாட்டார். சான்றிதழ் கிடையாது. வீட்டில் அண்மையில் யாரும் தவறியிருந்தால் இப்போதைக்குப் போகாதீர்கள், அடுத்த முறை பார்க்கலாம். தன் சமயத்தை வெல்ல வைக்கப் போகிறவர்களுக்கும் இது சரிவராது, ஒருவர் அப்படி வந்து இரண்டாம் கிழமையோடு நின்றுவிட்டார். வீட்டுக்குள்ளேயே வேறு சமயம் உள்ளவர்கள் கட்டாயம் போங்கள்.

வகுப்பு முடிந்து இரண்டு கிழமையில் அப்பாவின் திவசம் வந்தது. தம்பி வந்தான், வழமைபோலப் படலையடி. நான் வெளியே போய்ப் பக்கத்தில் நின்றேன். "உன்ட பக்கத்த நான் சொல்றன், பிழையெண்டாச் சொல்லு" என்றேன். செத்தவங்களுக்கு நாம செய்றது போய்ச் சேராது, அது கர்த்தர்ட கையில, நம்பாத ஒண்டுல பங்கெடுக்கிறது பொய் சொல்றது மாதிரி, அதனாலதான் நீ தொடுறல்ல, அப்படித்தானே என்று கேட்டேன். அவன் கன நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அரைவாசி சரிக்கா" என்றான். "அப்பாவை நான் அவ்வளவு தேடுறன். அந்த இலைக்கு முன்னால வந்து நிண்டா என்னையறியாமக் கும்பிட்டிடுவன். அந்தப் பயம்தான்."

நான் உள்ளே போனேன். படைப்பதற்கு முன்னமே ஒரு கோப்பையில் எடுத்து மூடிவைக்கச் சொல்லி அம்மாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன், அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குசினிக்குள் பார்த்தால் மூடிய கோப்பை இருந்தது. அம்மாவே அதை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனார். தம்பி நின்றபடியே சாப்பிட்டான், பூசணிக்காய்க் கறி இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டான்.